அமாமி முயல்: கேள்வியும் பதிலும்

செல்வி: அமாமி முயல் என்பது நம் காட்டுமுயல் மாதிரிதானா?

பதில்: இல்லை. இது வளை தோண்டி வாழும் தனி இனம். ஜப்பானின் அமாமி ஓஷிமா, டோக்குனோஷிமா ஆகிய இரண்டு தீவுகளில் மட்டுமே உண்டு. கரும்பழுப்பு உடல், குட்டைக் காது, தோண்டுவதற்கேற்ற நீண்ட நகம். எடை 2 முதல் 3 கிலோ.

முருகேசன்: குட்டியை மண்ணுக்குள் புதைத்துவிடுமாமே, சார்?

பதில்: புதைப்பதில்லை, பூட்டி வைக்கிறது. குட்டிக்கென்று தனி வளை. பெரும்பாலும் ஒரே குட்டிதான். தாய் இரண்டு இரவுக்கு ஒருமுறை வந்து வளை வாசலை அடைத்திருக்கும் மண்ணைத் தோண்டித் திறக்கும். பால் கொடுத்ததும் மண்ணைத் தள்ளி, முன்னங்காலால் தட்டித் தட்டி மூடிவிட்டுப் போகும். ஹாபு என்ற விஷப் பாம்புக்கு எதிரான ஏற்பாடு அது.

நசீர்: அந்தப் பாம்பை ஒழிக்கத்தானே கீரி விட்டார்கள்?

பதில்: ஆமாம், 1979-இல் சுமார் 30 கீரிகள். கீரியும் பாம்பும் அங்கே சந்தித்தால்தானே சண்டை! ஹாபு இரவில் திரியும், கீரி பகலில். பகலில் அதற்கு அகப்பட்டது வளையில் படுத்திருந்த முயல். வேட்டையாடும் பாலூட்டியே இல்லாத தீவில் வளர்ந்த இனத்துக்குத் தப்பத் தெரியவில்லை. 2000 வாக்கில் கீரிகள் 10,000 ஆகிவிட்டன. அதன்பின் ஏறத்தாழ 30,000 பொறிகள் வைத்தார்கள். கடைசிக் கட்டம்தான் கஷ்டம்: கீரி குறையக் குறையப் பொறியில் விழுவதும் குறையும். தீர்ந்தது என்று பொறியை எடுத்தால் மறுபடி பெருகும். அதனால் மோப்ப நாய்களும் தானியங்கிக் கேமராக்களும் தேவைப்பட்டன. கடைசிக் கீரி சிக்கியது 2018 ஏப்ரலில். ஒழிந்ததென்று அறிவித்தது 2024 செப்டம்பரில்தான்.

பிரியா: அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா?

பதில்: பாதிதான். முயல் புழுக்கைகளை எண்ணி 2003-இல் போட்ட முயல் கணக்கு: அமாமியில் 2,000 முதல் 4,800, டோக்குனோஷிமாவில் 120 முதல் 300. இப்போது அமாமியில் மட்டும் 10,000-க்கு மேல் என்பது மதிப்பீடு. ஆனாலும் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்திலுள்ள’ இனம்தான். காட்டில் திரியும் பூனைகள் இருக்கின்றன. முயல் பெருகியதால் வண்டியில் அடிபடுவதும் கூடியிருக்கிறது.

ஜோசப்: பார்க்கப் போகலாமா?

பதில்: போகலாம். இரவில் சாலையோரப் புல்லை மேய வரும், நடுச்சாலையிலும் உட்கார்ந்திருக்கும். மலைச்சாலையில் வண்டியை ஊர்ந்து போகிற வேகத்தில் ஓட்டுங்கள். முயல் தெரிந்தால் நின்றுவிடுங்கள். அதுவே விலகிப் போகும்.