பஞ்சைப் பிடித்தால் மூன்று பாடமும் வரும்: உலக வரலாற்று டீச்சரிடம் கேள்வி பதில்

கோபியிலிருந்து ஓர் ஆசிரியை: தேசியம், தொழிற்புரட்சி, ஏகாதிபத்தியம் மூன்றும் தனித்தனிப் பாடமாக இருக்கின்றன. பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்பதில்லை. எங்கே தொடங்குவது டீச்சர்?

பஞ்சில் தொடங்குங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜின்னிங் (பஞ்சிலிருந்து கொட்டை பிரிப்பது), ஸ்பின்னிங் (நூற்பு), தறி என்று சொன்னாலே போதும், படம் வரைய வேண்டியதில்லை.

முதலில், இங்கிலாந்தில் இந்தியத் துணிக்கு இருந்த மோகம். அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் போராடி, 1700-லும் 1721-லும் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடைச் சட்டம் வாங்கினார்கள். துணி உள்ளே வரக்கூடாது; ஆனால் ஆசை போகவில்லை. அந்த இடத்தை அவர்களே நிரப்பப் பார்த்தார்கள். 1760-களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற கை நூற்பு இயந்திரமும், தண்ணீர் விசையில் ஓடிய ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும் வந்தன. நூற்பு வேகமானதும் பஞ்சு போதவில்லை. 1793-ல் அமெரிக்காவில் விட்னியின் ஜின்னிங் இயந்திரம். பருத்திக் காடு பெருகியது, அதில் வேலை செய்த அடிமைகளும் பெருகினார்கள். இந்த இடத்தில் வகுப்பைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இயந்திரம் வந்தால் எல்லோருக்கும் வேலைச்சுமை குறையும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் சந்தை. 1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் முடிந்தது. இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயரின் துணி இங்கே வந்து குவிந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து அடைபட, லங்காஷயர் ஆலைகள் மூடின. இந்தியப் பஞ்சு விலை ஏறியது, 1865-ல் போர் முடிந்ததும் இறங்கியது. 1871-க்குள் ஜெர்மனியும் இத்தாலியும் ஒன்றுபட்டு, தங்களுக்கும் காலனி வேண்டும் என்று கிளம்பின. 1884-85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவைப் பங்கு போட விதி எழுதினார்கள், ஓர் ஆப்பிரிக்கப் பிரதிநிதியும் இல்லாமல்.

பிறகு ஊருக்கு வாருங்கள். 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில். 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம். அதே 1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் கையில் கொடியோடு அடிபட்டு இறந்தார். ஆலையும் தேசியமும் ஒரே வட்டாரத்தில், ஒரே ஆண்டில். மூன்று பாடத்தையும் தனித்தனியாக அறுத்து நடத்தாதீர்கள்.

தாராபுரம், பத்தாம் வகுப்பு மாணவி: எல்லா வருஷமும் மனப்பாடம் பண்ணணுமா மிஸ்?

வேண்டாம் கண்ணு. 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1848 ஐரோப்பியப் புரட்சிகள், 1871 ஜெர்மனி ஒன்றுபட்டது, 1884 பெர்லின் மாநாடு, 1914 முதல் உலகப் போர். இந்த ஐந்தும் உறுதியாகத் தெரிந்தால் மற்றதை இவற்றுக்கு முன்னா பின்னா என்று யோசித்தே பிடித்துவிடலாம்.

சென்னிமலையிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்களுடையது தறிக்காரக் குடும்பம். வெள்ளைக்காரன் டாக்கா நெசவாளர்களின் கட்டை விரலை வெட்டினான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். சரிதானே?

அப்படிச் சொல்லாதீர்கள் சார். 1772-ல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியதில் இருப்பது வேறு. வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுகிறவர்கள், தங்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்காமலிருக்கத் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்கிறார். மனிதன் தன் பிழைப்புக்கான விரலைத் தானே வெட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த வேலை இருந்தது என்றால், அது உங்கள் கதையைவிடக் கொடியது. போல்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அதனோடு சண்டையிட்டு வெளியேறியவர் என்பதையும் சொல்லுங்கள். எழுதியவர் யார், அவருக்கு என்ன கோபம் என்று கேட்கப் பிள்ளைகள் பழகட்டும்.

அவிநாசி: எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது?

கோபி டீச்சருக்குச் சொன்னதுதான்.

கரூர்: விரல் வெட்டவில்லை என்றால், வெள்ளைக்காரன் நெசவை அழிக்கவில்லை என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது, கம்பெனி குமாஸ்தா வைத்த விலைக்கே துணியை எடுப்பது, மறுத்தால் கசையடி. இதையெல்லாம் அதே போல்ட்ஸ் எழுதியிருக்கிறார். இருக்கிற சான்றே போதும்போது இல்லாததைச் சேர்ப்பானேன்? நாளைக்கு ஒரு பையன் தேடிப் பார்த்து அது தவறு என்று கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவான்.

திருப்பூர்: இயந்திரம் வந்தால் கைத்தறி எப்படியும் போயிருக்கும். இதில் ஆட்சியைக் குறை சொல்வது ஏன்?

பாதி சரி. இங்கிலாந்திலேயே 1811-ல் தொடங்கி லுடைட்டுகள் என்ற துணித் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள்; அங்கேயும் கைத்தறிக்காரர்கள் நொடித்துத்தான் போனார்கள். ஆனால் தன் தொழில் வளரும்வரை தடைச் சட்டம் போட்டுக்கொள்ள இங்கிலாந்துக்கு அதிகாரம் இருந்தது. நமக்கு அது இல்லை. இங்கே நுழைந்த பிரிட்டிஷ் துணிக்கு வரி மிகக் குறைவு, அங்கே போன இந்தியத் துணிக்குக் கடும் வரி. இயந்திரத்தின் வேலை எது, அதிகாரத்தின் வேலை எது என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள்.

இன்னொன்று, இதுவரை யாருமே கேட்கவில்லை. முதலில் பிழைப்பை இழந்தவர்கள் வீட்டில் ராட்டை சுற்றிய பெண்கள். மில் நூல் வந்ததும் அவர்களின் கூலி போய்விட்டது. நெசவாளர்களில் பலர் அந்த மில் நூலையே பாவோட்டித் தாக்குப்பிடித்தார்கள். சென்னிமலையில் இன்னமும் தறிச் சத்தம் கேட்கிறதே. நெசவாளர் கதையை மட்டும் சொல்லி நூற்ற பெண்களை விட்டுவிடாதீர்கள்.

சென்னிமலை ஆசிரியர் மறுபடியும்: விரல் கதையை விட்டால் பாடத்தில் உணர்ச்சியே இருக்காதே?

தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள் சார். விரலை இத்தோடு விடுவோம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஈரோடு: பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தவர்?

ஜான் கே, 1733. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொது அறிவுப் புத்தகம் பாருங்கள் தம்பி.

பொள்ளாச்சி: ஏகாதிபத்தியத்துக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டா?

தலைக்கு மேலேயே இருக்கிறது, வால்பாறை. யாருக்காக அந்தத் தேயிலை, மலையேறிக் காட்டை வெட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். அங்கே சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. சின்கோனா தென்னமெரிக்க மரம். அதன் பட்டையிலிருந்து கொய்னா, மலேரியாவுக்கு மருந்து. 1860-களில் நீலகிரியில் பயிரிட்டார்கள். கொய்னா இருந்ததால்தான் ஐரோப்பியர்களால் ஆப்பிரிக்காவின் உள்ளே போய்ப் பிழைத்திருக்க முடிந்தது. அட்லஸ் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை நடத்த வேண்டும்.

உடுமலை: தேசியம் நல்லதா, கெட்டதா?

இரண்டு பேரை வைத்து நடத்துங்கள். இத்தாலிய தேசியவாதி மாஜினிக்கு எல்லா மக்களினமும் விடுதலை பெற வேண்டும் என்பது கனவு. பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் 1864, 1866, 1870 என்று மூன்று போரில் ஜெர்மனியைக் கட்டினார். 1871-ல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் பேரரசை அறிவித்தார்கள்; 1919-ல் அதே மண்டபத்தில் ஜெர்மனி தோல்விக்குக் கையெழுத்திட்டது. இடையில் நடந்ததைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே சொல்லட்டும்.

அன்னூர்: மூன்று பாடத்தையும் எப்படி வரிசைப்படுத்துவது? பிபிடி இருந்தால் அனுப்புங்கள்.

மேலே இருக்கிறது. பிபிடி இல்லைங்க. அட்லஸ்.

பெருந்துறை: எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் பெற்றோர் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். சிலரின் அக்காக்கள் மில் விடுதியில் இருக்கிறார்கள். தொழிற்புரட்சி நடத்தும்போது அதைப் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். 1833-ல் இங்கிலாந்தின் ஆலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் துணி ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலேயே அதற்கு முன் இருந்த நிலை தெரிகிறது. 1946-ல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரையும் சொல்லுங்கள். பிறகு, ஷிப்ட் எத்தனை மணிக்கு, சாப்பாட்டு நேரம் எவ்வளவு, பஞ்சுத் தூசியால் இருமல் உண்டா என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். கூலியைக் கேட்கச் சொல்லாதீர்கள். எழுதியதில் பெயர் போட வேண்டாம், வகுப்பில் சத்தமாகப் படிக்கவும் வேண்டாம். நீங்கள் மட்டும் வாசித்து, பொதுவானதை எடுத்துப் பேசுங்கள்.