ஐந்து பாகம் முடித்தவருக்கு 40 பக்கம் ஏன் நகரவில்லை?

வணக்கம். பொன்னியின் செல்வனை ஒரே மாதத்தில் முடித்தீர்கள், அதன்பின் எடுத்த மூன்று நாவல்களும் 40 பக்கத்தைத் தாண்டவில்லை, வாசிப்பே விட்டுப்போச்சோ என்று கேட்டிருந்தீர்கள். விட்டுப்போகவில்லைங்க. கல்கி அதை வாராவாரம் தொடராக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் உங்களை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பைத் தேடியே மற்ற நாவல்களையும் திறக்கிறீர்கள்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை எடுங்கள். போன மாதம்தான் மறுபடி படித்தேன். தண்ணீர் குடிக்க வந்த பெண்ணை நகைக்காகத் திருடன் ஒருவன் நீரில் அமுக்குகிறான். மூச்சுத் திணறும் அந்த நேரத்தில் அவன் கால் பெருவிரலை அவள் பல்லால் கவ்விக்கொள்கிறாள். அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆந்திரத்திலிருந்து ஒரு கூட்டம் கரிசல் காட்டுக்கு வந்து குடியேறிய கதையை ஒரு முதிய பாட்டி சொல்லும் இடங்கள் இன்னும் அருமை. உங்களுக்குப் பிடித்த வரலாறுதான், ஆனால் அரண்மனை கிடையாது. வட்டாரச் சொற்கள் முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும்.

அப்புறம், அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்ன நாவல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். இரண்டு மாலையில் முடித்துவிடலாம்.

பாதியில் நின்ற அந்த மூன்றும் எவை என்று சொல்லுங்களேன்? அதில் ஒன்றையாவது உங்களோடு சேர்ந்து படிக்க எனக்கு ஆசை.