பஞ்சு வேண்டாம், அவரிடமே கேளுங்கள்

கேள்வி: கல்முனையில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் காது கேளாத தங்கச்சி ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் சேருகிறார். ஊழியர்களுக்கு அரைநாள் விழிப்புணர்வுப் பயிற்சி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரையும் காதில் பஞ்சு வைத்து ஒரு மணித்தியாலம் வேலை செய்யவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவர் வரமுதலே யோசிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பஞ்சு வேண்டாம். மட்டக்களப்பில் நான் முன்பு வேலை செய்த இடத்தில் இப்படித்தான் கண்ணைக் கட்டி நடக்கவிட்டார்கள். மேசையில் இடித்துக்கொண்டோம், சிரித்தோம், கடைசியில் எல்லோரும் "பாவம்" என்றோம். பார்வையற்ற ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் வருடக்கணக்காகப் பழகிய கைப்பழக்கம் அரைமணி நேரத்தில் எங்களுக்கு எப்படி வரும்?

முதலில் அந்தத் தங்கச்சியிடமே கேளுங்கள். சைகைமொழியா, எழுத்தா, உதட்டசைவா, எது அவருக்கு வசதி? தன்னைப் பற்றி மற்றவர்களுக்கு எதைச் சொல்லலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். பயிற்சி நடத்தக் காது கேளாத வேறொருவரை, சைகைமொழி பெயர்ப்பாளரோடு, உரிய கொடுப்பனவு கொடுத்து அழையுங்கள். கேற்றில் நிற்கும் காவலாளி உட்பட எல்லோரும் இருக்க வேண்டும். அந்தத் தங்கச்சி வேலைக்கு வரும்போது முதலில் சந்திக்கப் போவது காவலாளியைத்தானே.

உதட்டைப் பார்த்தே எல்லாம் பிடித்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். கண்ணாடி முன் நின்று "பட்டு", "மட்டு" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரித்தான் அசையும். அதனால் பெயர், தொகை, திகதி எல்லாவற்றையும் எழுதிக் காட்டுங்கள். யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். கத்தினால் வாய் கோணும், இன்னும் விளங்காது. கூட்டத்தில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேசட்டும்.

சட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். வலுவிழந்தவர்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வலுவிழந்தவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 27ஆவது உறுப்புரை, வேலைத்தளத்தில் நியாயமான வசதிகள் செய்துகொடுக்கச் சொல்கிறது. அவர் சலுகை கேட்டு வரவில்லை என்பது ஊழியர்களுக்கு விளங்க வேண்டும்.

பிறகு, தீ எச்சரிக்கை. உங்கள் கிளையில் இருப்பது வெறும் மணி மட்டும்தானா? அவர் வேலைக்கு வரும் நாளுக்கு முன்னமே மின்னி எரியும் விளக்கொன்றையும், அவரது மேசையிலிருந்து தெரியும்படி, பூட்டிவிடுங்கள்.