காலையில் மருந்து, மாலையில் புலம்பல்: காய்கறி, கொடிவகை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொடிவகைதான். பயிருக்கு எத்தனை நாள் ஆச்சு, என்ன ரகம், கடைசியாக என்ன அடித்தீர்கள், தண்ணீர் எப்படி விடுகிறீர்கள், இந்த நாலும் இல்லாமல் "செடி சரியில்லை, என்ன மருந்து?" என்று ஒரு வரி எழுதினால் என்னிடம் பதில் கிடையாது. அப்படி வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

பாகல் பந்தலேறி ஒரு வாரம். பூவாகக் கொட்டுகிறது, எல்லாம் ஆண் பூ. பெண் பூ வர எத்ரல் அடிக்கலாமா? (ஒட்டன்சத்திரம்)

காலம் கடந்துவிட்டது. எத்ரலை இரண்டு இலைப் பருவத்தில் தொடங்கி, வாரம் ஒரு தடவையாக நாலு தடவை அடித்திருக்க வேண்டும். அளவு பத்து லிட்டருக்கு ஒரு மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் சிரிஞ்சில் அளக்க வேண்டும். இப்போது யூரியாவை நிறுத்திவிட்டுப் பத்து நாள் பொறுங்கள். கொடிவகையில் ஆண் பூதான் முந்தி வரும், பெண் பூ பின்னாலேயே வந்துவிடும்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. மூன்று பூசணக்கொல்லி மாற்றி மாற்றி அடித்தும் நிற்கவில்லை. (பாலக்கோடு)

நிற்காது, அது பூசணமே இல்லை. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் இருந்தாலும் அது தண்ணீரோடுதான் ஏறும். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டால் எப்படி ஏறும்? தினமும் கொஞ்சமாகச் சீராக விடுங்கள். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஐந்து கிராம் கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். கறுத்த காய் தேறாது, பறித்துப் போட்டுவிடுங்கள்.

கால்சியம் நைட்ரேட், மோனோ அம்மோனியம் பாஸ்பேட் இரண்டு உரத்தையும் சேர்த்துச் சொட்டு நீரில் விட்டேன். லைன் அடைத்துக்கொண்டது. (உடுமலை)

அடைக்கத்தான் செய்யும். கால்சியம் நைட்ரேட்டோடு பாஸ்பேட், சல்பேட் எதையும் ஒரே தொட்டியில் சேர்க்கக் கூடாது, வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். ஒரு நாள் அது, மறுநாள் இது என்று விடுங்கள். அடைத்த லைனை அமிலம் விட்டுக் கழுவி, கடைசி மூடியைத் திறந்து ஓட விடுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

தர்பூசணி, 35 நாள் பயிர். பிஞ்சு சுண்டைக்காய் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. உதிராமல் நின்ற காயும் கோணலாக இருக்கிறது. கடையில் கொடுத்த நாலு மருந்தையும் ஒன்றாகக் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அடிக்கிறேன். இன்னும் வீரியமாக ஏதாவது சொல்லுங்கள். (மரக்காணம்)

வீரியம் போதாமல் உங்கள் பிஞ்சு உதிரவில்லை ஐயா, கூடிப்போய் உதிர்கிறது.

பெண் பூவின் அடியில் பூக்கும்போதே சின்னதாக ஒரு பிஞ்சு இருக்கும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறீர்கள். மகரந்தம் சேர்ந்தால்தான் அது காய். சேர்ந்ததென்றால் இரண்டு மூன்று நாளில் காம்பு கீழ்நோக்கி வளையும், பிஞ்சு பளபளவென்று பருக்கும். சேராவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கி விழும். அரைகுறையாகச் சேர்ந்தது கோணலாக நிற்கும். பூ விரிவது சூரியன் ஏறும் நேரத்தில், மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். அந்தப் பூவுக்கு அந்த ஒரு காலைதான். அதற்குள் தேனீ எட்டுப் பத்து தடவையாவது வந்து உட்கார வேண்டும். நீங்களோ சரியாக அந்த நேரத்தில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு போகிறீர்கள். கல்யாணத் தரகரை வாசலில் வைத்து அடித்துவிட்டு, பெண் அமையவில்லையே என்று புலம்புகிற கதைதான்.

அப்புறம் அந்த நாலு மருந்து. பூச்சிக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, ஒரு டானிக், ஒரு ஒட்டும் திரவம். வயலைப் பார்க்காமலே கல்லாவில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த சீட்டு. திண்டிவனம் பக்கத்தில் தை, மாசி ஆனால் இந்தச் சீட்டைத்தான் கடிதத்துக்குக் கடிதம் பார்க்கிறேன். எது எதோடு சேரும் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது. இலை கருகினால் அதற்கும் ஒரு மருந்து! சில பேர் மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய பூச்சிக்கொல்லி வரைக்கும் போகிறார்கள். காய்கறிக்கு அதை அடிக்கவே கூடாது என்று தடை இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பூக்கும் காலம் முழுக்கக் காலைத் தெளிப்பு கிடையாது. கட்டாயம் அடிக்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ஒரே ஒரு மருந்து, அதுவும் லேபிளில் தேனீக்கு ஆபத்து என்று போடாததாக. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வையுங்கள். உங்கள் பயம் இலைப்பேன் என்றால் அதற்கான வேலை பூவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: நிலத்தை மூடும் மல்ச்சிங் ஷீட்டில் வெள்ளிப் பக்கம் மேலே, நீல ஒட்டுப்பொறி, நுனி கருகி நிற்கும் வைரஸ் செடியைக் கண்டதும் பிடுங்குவது. வாங்கியதற்கெல்லாம் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

புடலையில் பழ ஈ. பொறி கட்டியும் ஒரு ஈ கூட விழவில்லை. (பண்ருட்டி)

பொறிக்குள் வைக்க நீங்கள் வாங்கிய கவர்ச்சி மருந்து மெத்தில் யூஜினால். அது மாந்தோப்பு ஈக்கு. கொடிவகை ஈக்குக் கியூ லூர் வேண்டும். லேபிளை ஒரு தடவை படித்திருந்தால் காசு மிச்சம். கியூ லூரிலும் ஆண் ஈ மட்டும்தான் விழும், முட்டை வைப்பது பெண். அதனால் குத்து விழுந்த காயைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வரப்பில் வீசினால் உங்கள் செலவில் ஈ வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

விதையில்லாத் தர்பூசணி மட்டும் தனியாகப் போடலாமா? (செய்யூர்)

கூடாது. அதன் மகரந்தத்துக்கு உயிர் இல்லை. மூன்று வரிசைக்கு ஒரு வரிசை விதையுள்ள ரகம் நடுங்கள்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சள். என்ன அடிப்பது? (ஆத்தூர்)

எதுவும் வேண்டாம். வைரஸுக்கு மருந்து இல்லை. பிடுங்கி எரியுங்கள், பரப்பும் வெள்ளை ஈயைக் கவனியுங்கள், அடுத்த முறை எதிர்ப்பு ரகம் போடுங்கள்.

தர்பூசணி பழுத்ததை எப்படிப் பார்ப்பது? வியாபாரி அவசரப்படுத்துகிறார். (அச்சிறுப்பாக்கம்)

காய்க்குப் பக்கத்துக் கணுவில் இருக்கும் பற்றுக்கம்பி காய்ந்திருக்க வேண்டும், தரையில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். தட்டினால் மொத்தென்று கேட்க வேண்டும். பறித்த பிறகு தர்பூசணி இனிப்பு ஏறாது. லாரி நிற்கிறது என்று இளங்காயைப் பறித்துக் கொடுத்துவிட்டு, 2025 கோடையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சால் விலை விழுந்ததை மட்டும் சொல்லி வருத்தப்படக் கூடாது. வெட்டினால் வெளுத்திருக்கும் பழமும் ஆளை விரட்டும்.

சொட்டு நீர் மானியம் எவ்வளவு? (வந்தவாசி)

ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் 100 சதவீதம், மேலே போனால் 75. சிறு, குறு விவசாயி சான்றை முதலில் தாசில்தாரிடம் வாங்கிவிடுங்கள். பொருத்திய அன்றைக்கே பில்லையும் வாங்கி வையுங்கள்.