கையடக்க கேம் கன்சோலில் இன்டர்நெட்: கேட்டவர்களுக்குப் பதில்

கீழக்கரையில் செல்போன், கேம் கன்சோல் சர்வீஸ் பார்க்கிறேன். துபாய், சவுதியிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்காக வாங்கி வந்த சோனி பிஎஸ்பியும் நின்டெண்டோ டிஎஸ்ஸும் நம் கரையோர ஊர்களில் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் பிரவுசர் ஓடுமா, எப்படி ஓட்டுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: காக்கா, வாப்பா துபாய்ல வாங்கின பழைய பிஎஸ்பி வச்சிருக்கேன். வைஃபை கனெக்ட் ஆகுது. ஆனா கூகுள், யூடியூப் எது போட்டாலும் எரர்தான் வருது. மெஷின் போயிருச்சா?

மெஷின் நன்றாக இருக்கிறது தம்பி. வைஃபை பிடிக்கிறது என்றாலே பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

பிஎஸ்பிக்குப் பிரவுசர் வந்தது 2005இல், 2.00 ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட்டோடு. ஆக்சஸ் என்கிற ஜப்பான் கம்பெனியின் நெட்ஃபிரண்ட் என்ற பிரவுசர் அது. அன்றைக்குப் பெரும்பாலான வலைப்பக்கங்கள் பூட்டே இல்லாமல் எச்டிடிபியில் ஓடின. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட பாதை. அந்தப் பூட்டுக்கு டிஎல்எஸ் என்று பெயர். பிஎஸ்பிக்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 வரைதான். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. பெரிய தளங்கள் 1.2க்குக் கீழே பேசுவதே இல்லை. பிஎஸ்பி பழைய சாவியை நீட்டுகிறது, எதிர்முனை கதவைத் திறப்பதில்லை. நீங்கள் பார்க்கும் எரர் பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் சான்றிதழ். ஒரு தளம் உண்மையான தளம்தானா என்று சரிபார்க்க ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு மூலச் சான்றிதழ்ப் பட்டியல் இருக்கும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அப்டேட் நின்றுபோன பழைய கருவிகள் பலவற்றில் அன்றைக்கே பல தளங்கள் திறக்காமல் போயின. இதோடு இன்னொன்றையும் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த பிஎஸ்பியில் தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும். அப்படியிருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழையும் அது தப்பென்றே சொல்லும். செட்டிங்ஸில் முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது மெமரி. பிஎஸ்பி 1000இல் மொத்த ரேம் 32 எம்பி, 2007இல் வந்த 2000 மாடலிலிருந்து 64 எம்பி. இன்றைய ஒரு செய்தித்தளத்தின் முகப்பு விளம்பரங்களோடு சேர்ந்து இதை எளிதாக விழுங்கிவிடும். "மெமரி போதவில்லை" என்ற செய்தி வந்தால் முக்கோணப் பட்டனை அழுத்தி மெனுவுக்குப் போங்கள். படங்களையும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஆஃப் பண்ணுங்கள். டிஸ்பிளே மோடில் ஸ்மார்ட்-ஃபிட் வையுங்கள். பக்கம் 480 பிக்சல் அகலத்துக்குள் மடங்கி நிற்கும், பக்கவாட்டில் இழுக்க வேண்டியதில்லை. சதுரப் பட்டனைப் பிடித்துக்கொண்டு அனலாக் குச்சியை நகர்த்தினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். எல் பட்டன் முந்தைய பக்கத்துக்கு, ஆர் பட்டன் அடுத்த பக்கத்துக்குப் போக.

பழைய கருவிகளுக்கென்றே பக்கங்களை உரித்து வெறும் எழுத்தாகத் தருகிற தேடுதளம் ஒன்று இருக்கிறது, ஃபிராக்ஃபைண்ட் (FrogFind) என்று பெயர். முகவரியை எச்டிடிபி என்றே தொடங்கி அடியுங்கள், எஸ் சேர்க்காதீர்கள். ஆங்கிலக் கட்டுரைகள் வாசிக்க அது போதும். யூடியூப் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பிஎஸ்பியில் இருப்பது ஃபிளாஷ் 6. ஃபிளாஷையே அடோபி 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டது.

பெரியபட்டினத்திலிருந்து: எனக்கு அந்த வைஃபையே வரலண்ணே. செல்போன் ஹாட்ஸ்பாட் பிஎஸ்பில தெரியவே மாட்டேங்குது.

ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், பிஎஸ்பிக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள். ஐபோன் என்றால் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் பண்ணுங்கள். பெயர் தெரிய ஆரம்பிக்கும்.

தெரிந்தும் கனெக்ட் ஆகாவிட்டால் காரணம் பாஸ்வேர்டு முறை. பிஎஸ்பிக்கு டபிள்யூஈபியும் பழைய டபிள்யூபிஏவும் தெரியும், டபிள்யூபிஏ2 தெரியாது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் டபிள்யூபிஏ2, 3 இல்லாவிட்டால் பாஸ்வேர்டே இல்லாத திறந்த ஹாட்ஸ்பாட், இவ்வளவுதான் கிடைக்கும். ஐபோனில் திறந்த ஹாட்ஸ்பாட்டே கிடையாது, அதில் பிஎஸ்பி சேராது. ஆகவே ஆண்ட்ராய்டில் திறந்துதான் வைக்க வேண்டும். ஆனால் கவனம்: எத்தனை கருவி சேரலாம் என்ற எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், பிஎஸ்பி சேர்ந்ததா என்று பாருங்கள், வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். வீட்டு ரவுட்டரைத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். தெருவில் யாரோ உங்கள் பெயரில் உள்ள இணைப்பில் எதையாவது செய்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சோனியின் வீட்டா, நின்டெண்டோவின் த்ரீடிஎஸ், சுவிட்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டபிள்யூபிஏ2 அவற்றுக்குத் தெரியும். வீட்டாவுக்கும் த்ரீடிஎஸ்ஸுக்கும் 2.4 மட்டும் கட்டாயம்.

தொண்டியிலிருந்து: ஒரு கடையில கொடுத்தேன். பிரவுசர் ஐசி போயிருச்சு, மாத்த 1500 ஆகும்னாங்க. மாத்தலாமா?

பிரவுசர் ஐசி என்று ஒரு பாகம் கிடையாது. பிரவுசர் ஒரு சாஃப்ட்வேர். காசு கொடுக்காதீர்கள், மெஷினைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவி: தம்பியோட பிஎஸ்பில தமிழ் பக்கம் திறந்தா கட்டம் கட்டமா வருது. தமிழ் படிக்க வழியே இல்லையா அண்ணே?

இருக்கிறது தங்கச்சி. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிஎஸ்பிக்குள் தமிழ் ஃபான்ட் இல்லை. ஒரு எழுத்துக்கான வடிவம் கருவியில் இல்லாதபோது கட்டம்தான் வரும். ஃபான்ட்டை மட்டும் திணித்தாலும் போதாது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். அப்படி இடம்பார்த்து அடுக்குகிற வேலையும் அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

ஆனால் படம் தெரியும். ஜேபெக், பிஎன்ஜி இரண்டையும் திறக்கும். எனவே தமிழைப் படமாக்கிக் கொடுங்கள். போனில் படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்த போட்டோ எடிட்டரிலும் அகலத்தை 480 ஆக்குங்கள். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ஒயர் போட்டு மெமரி ஸ்டிக்கில் பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் ஃபோட்டோ என்ற ஃபோல்டரில் போட்டால் படங்கள் பகுதியில் வரிசையாக வரும். உயரம் 272 பிக்சல்தான், அதனால் நீளமான ஸ்கிரீன்ஷாட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் கண்ணுக்கு இதம். ஒரு துண்டில் ஏழெட்டு வரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். நோட்பேடில் ஒரு சின்ன எச்டிஎம்எல் ஃபைல் எழுதி, அந்தப் படங்களை அதில் வரிசையாகச் சேர்த்து மெமரி ஸ்டிக்கில் வையுங்கள். பிரவுசரில் முகவரி அடிக்கும் இடத்தில் ஃபைல் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, சாய்கோடு, பிறகு ஃபைலின் பெயர். நெட்டே இல்லாமல் பக்கம் திறக்கும். வைஃபையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பாடக் குறிப்புகளை இப்படிப் பக்கமாக்கி, ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்கு லிங்க் வைத்தீர்களென்றால் உங்கள் தம்பி எச்டிஎம்எல்லும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உபயோகம் இந்த மெஷினுக்கு நான் பார்க்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து ஓர் அக்கா: எங்க லாட்ஜுக்கு வந்த பையன் சுவிட்ச்ல பிரவுசர் திறந்து காட்டுனான். சுவிட்ச்ல பிரவுசர் கிடையாதுன்னு சொல்றாங்களே? என் மகன் கையிலயும் சுவிட்ச் இருக்கு, பயமா இருக்கு.

சுவிட்சின் மெனுவில் பிரவுசர் கிடையாதுதான் அக்கா. ஆனால் உள்ளே ஒன்று ஒளிந்திருக்கிறது. லாட்ஜ் வைஃபையில் போன் நம்பர், ஓடிபி கேட்கும் பக்கம் வருமே, அதைக் காட்டுவதற்காக வைத்தது. அந்தப் பையன் பார்த்தது அதுதான்.

டிஎன்எஸ் நம்பரை மாற்றி அதே பிரவுசரை எப்போதும் திறக்கிற வழி ஒன்றைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மெஷின் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பது அது. மகனுடைய சுவிட்சில் இன்டர்நெட் செட்டிங்ஸ் போய், உங்கள் வைஃபை பெயரில், டிஎன்எஸ் "ஆட்டோமேட்டிக்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இருந்தால் கவலை வேண்டாம்.

பிஎஸ்பி வைத்திருக்கும் வீட்டில் செக்யூரிட்டி செட்டிங்ஸில் பிரவுசரைப் பூட்ட வசதி இருக்கிறது. நான்கு இலக்க எண் கேட்கும், கம்பெனியிலிருந்து வரும்போது 0000. மாற்றிவிட்டுப் பூட்டுங்கள். த்ரீடிஎஸ்ஸில் பேரன்டல் கன்ட்ரோல்ஸில் பிரவுசரைத் தனியாக நிறுத்தலாம்.

ஏர்வாடியிலிருந்து: வீட்டா பிரவுசர் நல்லா ஓடுது. அதுலயே ட்ரெயின் டிக்கெட் போடலாமா, பேங்க் பார்க்கலாமா?

வேண்டாம். ஓடினாலும் வேண்டாம்.

2016இல் 3.60 ஃபர்ம்வேர் போட்ட வீட்டாவில் ஒரே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் போதும், மெஷினின் பூட்டு முழுவதும் கழன்றுவிடும் என்று நிரூபித்தார்கள். ஹென்காக்கு என்று பெயர். அதைச் செய்தவர்கள் ஆர்வத்தால் செய்தார்கள். அதே மாதிரி ஓட்டை வழியாக வேறு யாரும் வரலாம். சுவிட்சின் கதையும் கேளுங்கள். ஐபோனில் 2016 ஆகஸ்டில் அடைக்கப்பட்ட வெப்கிட் (பிரவுசருக்குள் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்) ஓட்டை ஒன்று, 2017 மார்ச்சில் புதிதாக விற்பனைக்கு வந்த சுவிட்சில் திறந்தே இருந்தது. கேம் கன்சோல் பிரவுசர்கள் எப்போதும் பின்தங்கித்தான் வரும். போனில் உள்ள பிரவுசர் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. வங்கி, யுபிஐ, டிக்கெட், மெயில், பாஸ்வேர்டு கேட்கிற எதுவானாலும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவர்: மச்சான் ஸ்டீம் டெக் கொண்டாந்தான். பெரிய ஸ்கிரீன். காத்து மேப், அலை உயரம் இதுல பார்க்கலாமா? போட்ல எடுத்துட்டுப் போகலாமா?

பார்க்கலாம் அண்ணே, தாராளமாக. 2022இல் வந்த ஸ்டீம் டெக் உள்ளுக்குள் முழு லினக்ஸ் கம்ப்யூட்டர், 16 ஜிபி ரேம். ஸ்டீம் பட்டன் அழுத்தி, பவர் மெனுவில் டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். டிஸ்கவர் என்ற ஆப் கடையில் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். வலது டச்பேட் மவுஸ் மாதிரி நகரும், பின்னால் உள்ள ஆர்2 கிளிக். ஸ்டீம் பட்டனோடு எக்ஸ் அழுத்தினால் கீபோர்டு வரும். காற்று மேப், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பு எல்லாம் 7 இன்ச் திரையில் தெளிவாகத் தெரியும். கச்சான் காற்று எந்த நேரத்துக்கு ஏறுகிறது, வாடை எவ்வளவு வீசுகிறது என்று நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க போனைவிட இது வசதி.

போட்டில் எடுத்துப் போக வேண்டாம். கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும், டெக்கில் சிம் போடவும் இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம் அதன் மின்விசிறி. சூடு தணிக்க வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கடல் மேலே இழுத்தால் உப்பும் ஈரமும் நேராக போர்டு மேல் படியும். என் மேசைக்கு வந்த மெஷின்களில் சார்ஜ் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் அது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கவே தேவையில்லை. அரிச்சல்முனைக் காற்றில் மணலும் சேர்ந்து வரும். அனலாக் குச்சிக்குள் ஒரு மணல் துகள் போனாலே கரகரக்கும். வீட்டில் மேப்பைப் பாருங்கள், பிடிஎஃப் ஆக்கி போனுக்கு அனுப்புங்கள், போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக்கொண்டு போங்கள். வானிலை எச்சரிக்கைக்குக் கரையிலிருந்து வரும் அறிவிப்பும் விஎச்எஃப் ரேடியோவும்தான் முதல்.

உச்சிப்புளியிலிருந்து: பழைய பிஎஸ்பி வாங்கலாமா, புதுசா ஏதாவது வாங்கலாமா? நெட்டும் பார்க்கணும், கேமும் ஆடணும்.

கேமுக்கு பிஎஸ்பி வாங்குங்கள், நெட்டை நம்பி வாங்காதீர்கள். வாங்கும்போது பின்பக்க மாடல் எண்ணைப் பாருங்கள். ஈ100 என்று தொடங்கினால் (ஈ1000, ஈ1004 போல) அதில் வைஃபையே கிடையாது, விலை குறைவாகச் சொல்வது அதனால்தான்.

இரண்டும் ஒன்றில் வேண்டுமென்றால், காசும் இருந்தால், விண்டோஸ் 11 உள்ள ஆசுஸ் ராக் ஆலை (ROG Ally) போன்ற கையடக்க மெஷின்கள். அதில் தமிழ் வாசிப்பது மட்டுமல்லாமல் தமிழ் 99, ஃபொனெடிக் இரண்டு கீபோர்டும் விண்டோஸோடே வருகின்றன, தமிழில் தேடலாம். நெட் மட்டும்தான் முக்கியம் என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல போன் போதும்.

தேவிபட்டினத்திலிருந்து: நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு ஒரு பிரவுசர் கார்டு கிடைச்சுது. கூடவே இன்னொரு கட்டையான கார்டும் இருக்கு. எதுக்கு?

2006இல் ஜப்பானில் வந்த ஓப்பரா பிரவுசர் அது. கட்டையான கார்டு கூடுதல் மெமரி. கீழே உள்ள இரண்டாவது ஸ்லாட்டில் போட வேண்டும், அது இல்லாமல் பிரவுசர் ஓடாது. டபிள்யூஈபி மட்டும்தான் தெரியும், அதனால் மேலே சொன்ன திறந்த ஹாட்ஸ்பாட் கதைதான். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது, பத்திரமாக வையுங்கள்.

வாலிநோக்கத்திலிருந்து: ரொம்ப நாள் கழிச்சு பிஎஸ்பி எடுத்தேன், பேட்டரி மூடி மூடவே மாட்டேங்குது. சார்ஜ் போட்டு பிரவுசர் பார்க்கலாமா?

சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பிவிட்டது. மெதுவாகக் கழற்றுங்கள், குத்தாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஒரு தகர டப்பாவில் தனியாக வைத்து சர்வீஸ் கடையில் கொடுங்கள். பேட்டரி இல்லாமலும் அடாப்டரில் பிஎஸ்பி ஓடும். 5 வோல்ட் அடாப்டர்தானா என்று மட்டும் பார்த்துச் சொருகுங்கள். ஓடினால், முதல் கேள்விக்குச் சொன்னபடி தேதியிலிருந்து தொடங்குங்கள்.