அந்தப் பவுடரைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள அண்ணா,
போன மாதம் மகனுக்கு டெங்கு வந்து சுகமாகிவிட்டது. இனியும் வராமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் கூட்டவேண்டும் என்று பக்கத்து வீட்டு அன்ரி ஒரு பவுடர் தந்திருக்கிறா. கொடுக்கலாமா? ஐஸ்கிறீமை நிறுத்திவிட்டேன். பப்பாசி இலைச் சாறு கொடுக்கிறேன்.
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,
ஐஸ்கிறீம் என்ன பாவம் செய்தது? பப்பாசி இலையை டொக்டரிடம் கேளுங்கள். எனக்குக் கோபம் அந்தப் பவுடரில்தான். கூட்டு, கூட்டு என்கிறீர்களே, அந்தச் சக்தியை அடக்கிவைக்கவும் உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது, தெரியுமா?

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசு என்றொரு சுரப்பி. 1961இல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை எடுத்துப் பார்க்கும்வரை, ஒன்றுக்கும் உதவாத உறுப்பென்றே பலர் நினைத்திருந்தார்கள். என்பு மச்சையில் பிறக்கும் இளங்கலங்கள், கிருமிகளோடு போராடும் ரி கலங்களாக முதிர்வது அங்கேதான். ஒவ்வொன்றும் தன் பிடிகருவியைக் குருட்டாம்போக்கில் கட்டிக்கொள்கிறது. அது கிருமியையும் பிடிக்கலாம், உங்கள் மகனின் சிறுநீரகத்தையும் பிடிக்கலாம். ஆகவே சோதனை. உடம்பின் சொந்த அடையாளப் புரதங்களைத் தொட்டுணரவே தெரியாதவை சாகும். சொந்த உடம்பை இறுக்கிப் பிடிப்பவையும் பெரும்பாலும் சாகும். இதற்காகவே சதையி சுரக்கும் இன்சுலினைக்கூடத் தைமசு தானே கொஞ்சம் செய்து காட்டுகிறது. நூற்றில் ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. புலமைப்பரிசில் பரீட்சை இதைவிட இளகினது. அதையும் தப்பி வருபவற்றை அடக்க வேறொரு வகை ரி கலங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2025இல் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

என் அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்தவ. அவவின் மூட்டுகளை அவவின் எதிர்ப்புச் சக்தியே தின்றது. காலையில் விரல் மடங்காது, தேங்காய்ப்பால் பிழிய ஆள் வேண்டும். டொக்டர் கிழமைக்கு ஒரு தரம் போடச் சொல்லி மாத்திரை எழுதினார், அந்தச் சக்தியைக் குறைக்க. பார்க்க வந்த சனம் விடுமா? “ஐயோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறாரோ, நிப்பாட்டு பிள்ளை” என்று சொல்லி ஆளுக்கொரு பவுடர் டப்பாவை வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா மாத்திரையை நிறுத்தினா. மோதிரத்தை வெட்டித்தான் கழற்றினோம். விரல்கள் பிறகு நிமிரவேயில்லை. அன்பில்தான் தந்தார்கள், தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் மகன். டெங்கு வைரசில் நான்கு வகை. வந்துபோன வகை திரும்ப வருவது அரிது, அந்த வேலையை உடம்பே முடித்துவிட்டது. வேறு வகை வந்தால் இரண்டாம் முறை கடுமையாகலாம். அப்போது நடக்கும் கேட்டில் உடம்பின் சொந்த எதிர்ப்புக்கும் பங்குண்டு. இதற்கு எந்தப் பவுடர்? பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரை ஊற்றுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோலைத் (பரசிற்றமோல்) தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம், தாமதிக்காமல் டொக்டரிடம் கொண்டு போங்கள். அன்ரியோடு சண்டை பிடிக்க வேண்டாம், டப்பாவை மட்டும் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.