புரதப் படிகத்தோடு குடித்தனம்: கேளுங்கள், சொல்கிறேன்

மேடம், புரதத்தில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க நல்ல மைக்ராஸ்கோப் போதாதா? படிகம் எதற்கு?

சாதாரண ஒளியின் அலைநீளம் அணுக்களுக்கு நடுவே உள்ள தூரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அதனால் எக்ஸ் கதிர். ஆனால் ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் ஒன்றுக்கும் காணாது. கோடிக்கணக்கில் ஒரே மாதிரி அடுக்கி நிறுத்தினால்தான், அதாவது படிகமாக்கினால்தான், படத்தில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவோம்.

படிகம் வளர எத்தனை நாள் ஆகும்?

இரண்டு நாளில் வந்ததும் உண்டு, வருஷக்கணக்கில் வராமலே போனதும் உண்டு. கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டில் 1 மைக்ரோலிட்டர் புரதம், 1 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல். அதைக் கவிழ்த்து, கரைசல் உள்ள குழிமேல் கிரீஸ் தடவி மூடிவிடுவோம். சொட்டிலிருந்து நீர் மெல்ல வெளியேற, புரதம் செறிந்து படிகமாகத் திரள வேண்டும். அப்புறம் காத்திருப்புதான்.

நான் மாணவியாக இருந்தபோது நாலு மாதம் கழித்துப் பட்டை தீட்டினாற்போல் ஒன்று வந்தது. லேபுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வலுவான எக்ஸ் கதிர் தரும் சிங்க்ரோட்ரானுக்கு எடுத்துப்போய்க் கதிரில் வைத்தால் நாலைந்து புள்ளிகள், ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில். அத்தனையும் உப்பு! புரதம் என்றால் புள்ளிகள் நெருக்கமாக, நூற்றுக்கணக்கில் விழும். இப்போதெல்லாம் நிறைய வளர்ந்திருந்தால் ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்துவிடுகிறேன். புரதப் படிகத்தில் பாதிக்குப் பாதி நீர், தொட்டதும் பொடிந்துவிடும். உப்பு 'டிக்' என்று உடையும்.

அக்கா, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஏ.ஐ. ஆல்ஃபாஃபோல்டு வந்தாச்சே. இனி இதில் பிஎச்.டி. சேரலாமா?

சேருங்கள் தம்பி. அது பாடம் படித்ததே நாங்கள் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்துவைத்த கணக்குப் புத்தகத்தில்தான். 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரத டேட்டா பேங்கில் இன்று 2 லட்சத்துக்கும் மேல். நானும் தினமும் ஆல்ஃபாஃபோல்டின் கணிப்பை முதல் மாதிரியாக வைத்துத்தான் டேட்டாவைத் தீர்க்கிறேன். ஆனால் புது மருந்து மூலக்கூறு எந்தப் பள்ளத்தில் எப்படிச் சாய்ந்து உட்காருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். உறையவைத்த மூலக்கூறுகளைப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ராமச்சந்திரன் வரைபடத்தை இன்னும் யாராவது பார்க்கிறார்களா?

அதைப் பார்க்காமல் நான் எதையும் வெளியே அனுப்புவதில்லை. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் போட்ட கணக்கு, வெளிவந்தது 1963இல். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளாது என்பதைக் காட்டும். அந்த வரைபடத்தில் ஓர் அமினோ அமிலத்தின் புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால், முதலில் அது கிளைசின் என்ற அமினோ அமிலமா என்று பார்ப்பேன். அதற்குப் பக்கச் சங்கிலி இல்லாததால் நினைத்தபடி வளையும். கிளைசின் இல்லையென்றால், பெரும்பாலும் நான்தான் எங்கேயோ தப்பாகப் பொருத்தியிருப்பேன்.